நாற்பது வீட்டுப் பொங்கல்

"பந்தே, இந்த ஊர் திருந்தாது" என்றார் சுமணர்.

ரேவதர் கிழிந்த துவராடையைத் தைத்துக்கொண்டிருந்தார். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"என்ன ஆச்சு?"

"நாடகம் ஆடியிருக்காங்க. நாப்பது வீடும் சேர்ந்து ஒரே நாடகம்."

"உக்காந்து சொல்லுங்க."

சுமணர் உட்காரவில்லை. அவ்வளவு கோபம்.

சுமணருக்கு வயது ஐம்பத்தொன்பது. அவருடைய குரு ரேவதருக்கு முப்பத்தாறு. புத்த பிக்குகளின் சங்கத்தில், பிறந்த வருஷத்தைப் பார்ப்பதில்லை, துவராடை கட்டிய வருஷத்தைத்தான் பார்ப்பார்கள். ரேவதர் கட்டிப் பதினான்கு வருஷம். சுமணர் கட்டி இரண்டே வருஷம். அதனால் சுமணர்தான் அவரைப் 'பந்தே' என்று மரியாதையாகக் கூப்பிட வேண்டும்.

சாலப்பாளையத்துக்காரர்களுக்கு இது பிடிபடவே இல்லை. நரைத்த புருவத்தைப் பார்த்துவிட்டுச் சுமணர் காலில்தான் முதலில் விழுவார்கள். அவர் 'பெரிய சாமி'. குரு 'சின்ன சாமி'. சுமணர் ஒவ்வொரு தடவையும் திருத்துவார். திருத்தும்போது அவருக்குக் கொஞ்சம் குளுகுளுவென்றுதான் இருக்கும்.

முன்பு அவர் சுகாதார ஆய்வாளர். முப்பது வருஷ சர்வீஸ். கை குலுக்கினால் பரவாது, ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது, கொசு கடித்தால் பரவாது என்று எய்ட்ஸைப் பற்றி அவர் பேசாத பள்ளிக்கூடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை மாறாமல் சொல்வார்.

சாலப்பாளையம் லாரி ஊர். ஆம்பிளைகளில் பாதிப்பேர் வடக்கே வண்டி ஓட்டப் போனவர்கள். போனவர்களில் சிலர் நோயோடு திரும்பினார்கள். சிலர் செத்தார்கள். அந்த வீடுகளின் வாசலில் ஊர் தண்ணீர் குடிப்பதை நிறுத்தியது.

அப்போதுதான் மூடிக்கிடந்த முட்டைக் குடோனில் பிக்குகளின் விகாரை வந்தது. ஊர்க்காரர்கள் அதை மடம் என்றார்கள். மாதம் ஒருமுறை வேன் வைத்து, நோயாளிகளை மாத்திரை வாங்க ஜில்லா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்கள். ஆனால் மடத்தின் பெரிய வைத்தியம் அதெல்லாம் இல்லை. பிச்சைப் பாத்திரம்தான்.

தினமும் காலையில் பிக்குகள் ஆளுக்கொரு தெருவில் பாத்திரத்தோடு போவார்கள். நோய் வந்த வீட்டுச் சோறும் வராத வீட்டுச் சோறும் ஒரே பாத்திரத்தில் விழும். ஒன்றின்மேல் ஒன்று விழுந்த பிறகு பிரிக்க முடியாது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர் பார்க்க, அதைத்தான் மதியத்துக்குள் சாப்பிடுவார்கள். பேச்சு ஒன்றும் கிடையாது.

ஊர் பார்த்துக்கொண்டே இருந்தது. முதலில் டீக்கடையில் தனி டம்ளர் போனது. அப்புறம் முடிவெட்டுகிறவர் நோய் வந்த வீடுகளுக்குள்ளும் வந்தார்.

இப்போது பாவாயியின் விஷயம். அவள் லாரி டிரைவரின் விதவை. பன்னிரண்டு வருஷமாக மாத்திரையில் தெம்பாக இருப்பவள். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிற வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. 'அவ ஆக்கினா எங்க புள்ளைங்க சாப்பிடாது' என்று ஊரில் முணுமுணுப்பு. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் பேசுவதாகப் பஞ்சாயத்துத் தலைவர் சொல்லியிருந்தார்.

அதற்கு முன்னால் ஊர் அவள் கைச் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்கட்டும் என்று யோசனை சொன்னவர் ரேவதர். நேற்றுப் பௌர்ணமி தானத்துக்கு அவளே வெண்பொங்கல் வைத்தாள். மடத்துக்கு ஒரு தூக்கு, நாற்பது வீட்டுக்கு நாற்பது கிண்ணம். ரேவதரும் மற்ற பிக்குகளும் அன்று நோயாளிகளோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்கள். சுமணர்தான் கூட நின்று பார்த்துக்கொண்டார்.

ஒரு வீடு விடாமல் வாங்கிக்கொண்டது. ஒரு வீடு விடாமல் பிரமாதம் என்றது.

"இன்னைக்குக் காலையில பிச்சைக்குப் போறேன், பந்தே. தலைவர் வீட்டு மாட்டுத்தொட்டியில பொங்கல் மிதக்குது. முந்திரியோட. அடுத்த வீட்டுச் சுவத்தை எட்டிப் பாத்தேன். அங்கயும். அதுக்கடுத்த வீட்லயும். பதினேழு தொட்டி பாத்தேன். அதுக்கு மேல பாக்க மனசு வரல."

"பாவாயிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சிருக்கும் போல. விடிஞ்சதும் தலைவர் வீட்டுக்குப் போய், எனக்கு அந்த வேலை வேண்டாம்னு சொல்லிட்டாளாம்."

ரேவதர் ஊசியை நிறுத்தினார்.

"முப்பது வருஷம் பேசினேன். இங்க வந்தும் பேசறேன். கேட்டுத் தலையாட்டறாங்க. எதுத்துப் பேசினாலாவது பதில் சொல்லலாம். வாங்கி, சிரிச்சு, பாராட்டி, மாட்டுக்கு ஊத்தறாங்களே, இதை என்னன்னு சொல்றது?"

"யார் சொல்லிக் குடுத்தாங்க?"

"எதை?"

"நாப்பது வீடும் ஒரே மாதிரி செஞ்சிருக்கு. அது தானா வராது. முதல்ல ஒருத்தர் செஞ்சிருப்பாங்க. யார்னு கேட்டுட்டு வாங்க."

சுமணருக்கு இந்த வேலை பிடித்திருந்தது. காலரா வந்த காலத்தில் எந்தக் கிணற்றிலிருந்து கிளம்பியது என்று தெருத் தெருவாக விசாரித்துக் கண்டுபிடித்தவர் அவர். அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்து மூடியதற்குக் கலெக்டர் கையால் சான்றிதழ் வாங்கியிருக்கிறார்.

விறுவிறுவென்று கிளம்பினார்.

தலைவர் சம்சாரம் தெய்வாத்தாள் அவரைக் கண்டதும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காலில் விழுந்தாள்.

"பாவாயி குடுத்த பொங்கலை என்னம்மா பண்ணினே?"

அவள் தொட்டியைப் பார்த்தாள். சுமணரைப் பார்த்தாள்.

"மாட்டுக்கு வெச்சனுங்க."

"அவகிட்ட என்ன சொன்னே?"

"அமிர்தமா இருந்துச்சுன்னு சொன்னனுங்க சாமி. மூஞ்சிக்கு நேரா வேண்டாம்னா பாவமில்லீங்களா?"

"இப்படிச் செய்யணும்னு உனக்கு யார் சொன்னது?"

"பக்கத்து வீட்டு அருக்காணி. இதுதான் முறையாமாங்க. வாங்காம இருக்கக் கூடாது. நல்லாருக்குன்னு சொல்லணும். அப்புறம் வாயில்லா சீவனுக்கு வெச்சிரணும். அதுவும் புண்ணியம்தானுங்களே?"

முறையாம். சுமணருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அருக்காணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"எனக்கென்னங்க தெரியும் சாமி? எங்க வீட்டுக்காரர் சொன்னாரு. அவரு ஆடு மேய்க்கற எடத்துல பாத்தாராமாங்க."

"எதைப் பாத்தார்?"

"அவரையே கேளுங்களேன்" என்று சொல்லிவிட்டு அவள் சட்டென்று உள்ளே போய்விட்டாள். அவள் போன விதம் சுமணருக்குச் சரியாகப் படவில்லை.

அருக்காணியின் புருஷன் பொன்னுரங்கன் ஏரி மதகடியில் ஆடுகளோடு நின்றிருந்தான். சுமணரைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டான்.

"பொன்னுரங்கம், பாவாயி வீட்டுச் சோத்தை மாட்டுக்கு வைக்கறதுதான் முறைன்னு ஊருக்குச் சொன்னது நீதானா?"

"ஆமாங்க சாமி." கொஞ்சம் பெருமையாகவே சொன்னான்.

"உனக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலீங்க. பாத்துக் கத்துக்கிட்டதுதானுங்க."

"யாரைப் பாத்து?"

பொன்னுரங்கன் சிரித்தான். பெரிய சாமி தன்னைச் சோதிக்கிறார் என்று நினைத்துவிட்டான்.

"உங்களைப் பாத்துத்தானுங்க சாமி."

சுமணர் மதகுக் கல்லில் உட்கார்ந்தார்.

"நீங்க பாவாயி வீட்டுக்குக் கடைசியாப் போவீங்க. பாத்திரத்துல வாங்க மாட்டீங்க, மூடியைத் திருப்பிப் புடிச்சு அதுல வாங்குவீங்க. கையெடுத்து ஆசீர்வாதம் பண்ணுவீங்க. அப்புறம் இந்த வழியா வந்து, மூடியில இருக்கறதை இந்தச் செவலை நாய்க்கு வெச்சுட்டு, மூடியைக் கழுவிட்டுப் போவீங்க. ரெண்டு வருசமாப் பாக்கறனுங்க."

ஆடு ஒன்று சுமணரின் துவராடையை முகர்ந்து பார்த்துவிட்டு நகர்ந்தது.

"ஆரம்பத்துல எனக்கு வெளங்கல. அப்புறம் யோசிச்சேன். படிச்சவரு, சுகாதாரத்துல பெரிய வேலை பாத்தவரு, காரணமில்லாமச் செய்வாரா? குடுக்கறவ மனசும் நோகாது, வாங்கறவங்களுக்கும் பயமில்ல. நல்ல முறையா இருக்கேன்னு நாந்தானுங்க எல்லார்கிட்டயும் சொன்னேன். சொன்னது தப்புங்களா?"

அவன் உண்மையாகவே கேட்டான். கிண்டல் எதுவும் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சுமணர் மறைத்ததை இந்தக் கதையும் இவ்வளவு நேரம் மறைத்துவிட்டது. அவன் சொன்னது அத்தனையும் நிஜம்.

பரவாது என்று சுமணருக்குத் தெரியும். அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் அந்த ஜில்லாவில் இல்லை. அறிவு எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. தொண்டைதான் ஒப்புக்கொள்ளவில்லை. முதல் நாள் பாவாயி வீட்டுச் சோற்றை வாய்வரை கொண்டுபோனார். கை இறங்கிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். நாய்க்குப் போடுவதும் தானம்தானே என்று மறுநாள் நினைத்தார். மூன்றாம் நாளிலிருந்து நினைக்கவே தேவைப்படவில்லை. அது பழகிப்போயிற்று.

நேற்றுப் பொங்கலும் அந்த நாய்க்குத்தான் போனது.

நேற்றுச் சாயங்காலம், பௌர்ணமி வழக்கப்படி, பிக்குகள் ஒருவரிடம் ஒருவர் குற்றம் சொல்லிக்கொள்ளும் நேரத்தில், 'குற்றம் ஒன்றுமில்லை' என்று குருவின் முன்னால் மூன்று தடவை சொன்னதும் இதே வாய்தான்.

மடத்துக்குத் திரும்பும் வழியில் இரண்டு பேர் அவர் காலில் விழுந்தார்கள். ஓடிவிடலாம் போல இருந்தது.

ரேவதர் தைத்து முடித்திருந்தார்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன், பந்தே."

"யாரு?"

சுமணர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஐம்பத்தொன்பது வயதில் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிற்பது எப்படி இருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான்."

பொன்னுரங்கன் பார்த்ததையும், மூடியையும் நாயையும் இரண்டு வருஷத்தையும் சொன்னார். எதையும் குறைக்கவில்லை. ரேவதர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா, பந்தே?"

"தெரியும்."

"எப்போலருந்து?"

"போன மழைக்காலத்துலருந்து."

"ஏன் சொல்லல?"

ரேவதர் நூலை அறுத்தார்.

"உங்களுக்கு எங்கப்பா வயசு. சொன்னா நொந்துபோவீங்கன்னு விட்டுட்டேன்."

ஆடையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"நேத்து நீங்க குற்றம் ஒன்றுமில்லைன்னு மூணு தடவை சொன்னீங்க. நல்லதுன்னு சொல்லி வாங்கிக்கிட்டேன். நம்பாம ஓரமா வெச்சுட்டேன். பொன்னுரங்கம் என்னையும் பாத்திருந்தா, அதையும் முறைன்னுதான் சொல்லியிருப்பான்."

அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பிறகு ரேவதர் எழுந்தார். சுமணரின் பாத்திரத்திலிருந்து மூடியை எடுத்துத் தன் பாய்க்கு அடியில் வைத்தார்.

"பாவாயிகிட்ட நான் என்ன சொல்லட்டும், பந்தே?"

"பிச்சைக்குப் போறவர் எதுக்குப் பேசணும்?"

மறுநாள் காலை சுமணர் மூடியில்லாத பாத்திரத்தோடு பாவாயியின் வாசலில் நின்றார். பிக்கு கேட்கக் கூடாது, கூப்பிடக் கூடாது. நிற்கலாம். போட்டால் வாங்கலாம்.

உள்ளே ஆள் இருந்தது. பாவாயியின் மகள் கோகிலா ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். பாவாயி வரவில்லை.

வெயில் முதுகில் ஏறியது. தெருவில் போனவர்கள் பார்த்தார்கள். பெரிய சாமி ஒரு வீட்டின் முன்னால் இவ்வளவு நேரம் நின்று யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் பாவாயி வந்தாள். கை வெறுங்கையாக இருந்தது.

"சாமி, முந்தாநாள் பொங்கல் எப்படி இருந்துச்சுங்க?"

அன்று மத்தியானமே அவள் மடத்துக்கு ஓடிவந்து இதே கேள்வியைக் கேட்டாள். ரொம்ப நல்லா இருந்துச்சும்மா என்று சுமணர் அப்போது சொல்லியிருந்தார்.

"நான் சாப்பிடலம்மா" என்றார் இப்போது. "முந்தாநாள் மட்டும் இல்ல. ரெண்டு வருஷமாவே சாப்பிடல."

"தெரியுங்க."

"எப்படித் தெரியும்? ஊர் மாட்டுத்தொட்டியில பாத்தியா?"

"தொட்டியை எதுக்குங்க நான் பாக்கறேன்?"

அவள் கதவுநிலையில் சாய்ந்துகொண்டாள்.

"உங்களுக்கு வெக்கற சோத்தை முன்னாடியே நாங்க வாயில வெச்சுப் பாக்க மாட்டமுங்க. சாமி சோறு, எச்சில் படக் கூடாது. அன்னைக்கும் பாக்கல. எல்லாருக்கும் குடுத்து முடிச்சு, மத்தியானம் நானும் புள்ளையும் உக்காந்தோம். ஒரு வாய் வெச்சோம், துப்பிட்டோம். நான் ஒருக்கா உப்பு போட்டிருக்கேன், நான் போடலைன்னு நெனச்சு அவ ஒருக்கா போட்டிருக்கா. ஒரே கரிப்பு."

சுமணருக்குப் புரிய ஆரம்பித்தது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

"ஐயோ, நாப்பது வீட்டுக்கும் குடுத்துட்டமே, மானம் போச்சேன்னு ஓடினேன். ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் நின்னு, பொங்கல் எப்படி இருந்துச்சுங்கன்னு கேட்டேன். திட்டுவாங்க, மன்னிப்புக் கேட்டுக்கலாம்னு. அமிர்தம்னாங்க. நெய் மணக்குதுன்னாங்க. என்ன கைப்பக்குவம்னாங்க. நாப்பது வீடுங்க சாமி. அப்புறம் மடத்துக்கு வந்தேன். நீங்களும் நல்லா இருந்துச்சும்மான்னீங்க."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சுமணர் எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார்.

"யாராவது ஒருத்தர், ஏன்டி பாவாயி இப்படி உப்பைக் கொட்டி வெச்சேன்னு கேட்டிருந்தா, நான் அந்த வேலைக்குப் போயிருப்பனுங்க."

சுமணரின் காது மடல்வரை எரிந்தது. பாத்திரத்தை மட்டும் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நின்றார்.

"இன்னைக்கு இன்னும் ஒலை வெக்கலீங்க" என்றாள். "அந்தப் பொங்கல்தான் தண்ணி ஊத்திக் கெடக்குது. கொட்ட மனசு வரல."

அவர் நகரவில்லை.

அவள் உள்ளே போய்ச் சட்டியோடு வந்தாள். ஒரு அகப்பை போட்டாள். பார்த்தாள். இன்னொரு அகப்பை போட்டாள்.

சுமணர் வாசற்படிக்குக் கீழே, தெருவைப் பார்த்து உட்கார்ந்தார். தெரு முனையில் பொன்னுரங்கன் ஆடுகளோடு வந்துகொண்டிருந்தான். நல்ல நேரத்தில்தான் வருகிறான் என்று நினைத்தார் சுமணர். அவன் கண்ணில் படும்படி பாத்திரத்தைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு கவளத்தை எடுத்தார்.

"அங்க என்னங்க பாக்கறீங்க?" என்றாள் பாவாயி.

கவளம் அப்படியே நின்றது.

"ஊருக்குக் காட்டறதுக்குன்னா மடத்துல போய்ச் சாப்பிடுங்க சாமி. இது என் வீட்டுச் சோறுங்க."

சுமணர் தெருவுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு வாயில் வைத்தார். உப்பு நாக்கை அறுத்தது. இரண்டு நாள் புளிப்பும் சேர்ந்திருந்தது. தொண்டை பழைய வேலையைக் காட்டியது. விழுங்கினார். இன்னொரு வாய் வைத்தார். மூன்றாவது வாய்க்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அது உப்பினால் மட்டும் இல்லை.

"எப்படிங்க இருக்குது?" என்றாள் பாவாயி.

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"வாயில வைக்க முடியலம்மா. ஒரே உப்பு."

பாவாயி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று உள்ளே திரும்பிக் கத்தினாள்.

"கேட்டியாடி கோகிலா! ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடக் கூடாது? கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டுட்டு நிக்கறா!"

"நீதானம்மா போட்டேன்னு சொல்லல!" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

பாவாயி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு செம்புத் தண்ணீரை அவர் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"தலைவர் வீட்டு வழியாப் போனீங்கன்னா சொல்லிருங்க சாமி. ஞாயித்துக்கெழமை கூட்டத்துக்கு நான் வர்றேன். வந்து, பொங்கல் எப்படி இருந்துச்சுன்னு ஒவ்வொருத்தரா நிக்க வெச்சுக் கேக்கறேன்."